‘இப்ப போ’ என்று அரசி சொல்லும்வரை

செய்தி எனக்குக் கதவுக் கண்ணாடி வழியாக வந்தது. காலை டியூட்டி முடிகிற நேரம். காய்ச்சல் வார்டை ஒட்டியுள்ள கழற்றும் அறையில் நின்றுகொண்டிருந்தேன். கையுறை, கண்கவசம், கவுன் எல்லாம் கழற்றித் தொட்டியில் போட்டாகிவிட்டது. முகக்கவசம் மட்டும் மிச்சம். அப்போது வார்டுக்குள் இருந்த நர்ஸ் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள். கொஞ்ச நேரம் முன்புவரை நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசி போய்விட்டாள் என்று புரிந்தது.

உள்ளே ஓடக் கால் பரபரத்தது. நடுவில் இருந்தது ஒரே ஒரு கதவு. ஆனால் என் உடம்பில் கவுன் இல்லை, கையில் உறை இல்லை. அப்படியே தள்ளிக்கொண்டு போயிருந்தால் கட்டிலில் கிடப்பவளே எழுந்து என்னைத் திட்டியிருப்பாள். “செத்தவ எங்கயும் ஓடமாட்டா. நீ நிதானமாப் போட்டுக்கினு வா” என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். நான் வெளியே வந்து, கை கழுவி, எல்லாவற்றையும் புதிதாக எடுத்தேன். என் தோழி செத்துக் கிடக்கிறாள், நான் கவுனுக்கு நாடா கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அவளோடு வேலை பார்த்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவளை அறியாதவர்கள் படித்தாலும் நல்லதுதான். கள்ளக்குறிச்சியில் நாங்கள் இருந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் அரசி சிஸ்டர் என்றார்கள். முறைப்படி ‘அவர்’ என்று எழுதவேண்டும். எழுதினால், “இன்னாடி விஜி, செத்ததும் மரியாத ஜாஸ்தியாயிடுச்சு?” என்று கேட்பாள். ஆகவே அவள் என்றே எழுதுகிறேன்.

அரசி நைனார்பாளையத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டும் கூலிகள். எனக்குத் தியாகதுருகம், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு மளிகைக் கடை. இருவரும் ஒரே சமயத்தில்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தோம். முதலில் எங்களுக்கு ஒத்தே போகவில்லை. நான் வாய் ஓயாதவள். அவள் கேட்டதற்குப் பாதி பதில் சொல்கிறவள். மதியம் சாப்பிட உட்கார்ந்தால், கத்திரிக்காய்க் காரக்குழம்பு மணக்கிற டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “கை கழுவினியா?” என்பாள். கழுவினேன் என்றால், “நான் பாக்கல. மறுபடியும் கழுவு” என்பாள். பசியோடு இருக்கிற ஒருத்தியிடம் பேசுகிற பேச்சா அது? நான் குழம்புக்காக மட்டுமே எழுந்து போய்க் கழுவிவிட்டு வருவேன்.

பன்றிக் காய்ச்சல் என்ற பேர் எங்கள் பக்கம் அடிபடத் தொடங்கிய வருஷம் அது. பெட்டி பெட்டியாகப் பாதுகாப்புச் சாமான்கள் வந்து இறங்கின. நாங்கள் எல்லாரும் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனவர்கள் கணக்காக அவற்றைப் பிரித்துப் போட்டுப் பார்த்தோம். ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் சிரித்தோம். அரசி மட்டும் மூலையில் கைகட்டி நின்றாள். “போட்டுக்க எல்லாருக்கும் ஆசயாத்தான் இருக்கும். கழட்றப்பதான் நோய வாங்கிக்குவீங்க” என்றாள். எனக்கு அது அபசகுனம் பிடித்த பேச்சாகப் பட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாயா என்று கேட்டேன்.

மறுநாள் வீட்டிலிருந்து மஞ்சள்தூள் கொண்டு வந்தாள். தண்ணீரில் குழைத்து எங்கள் கவுன் மீதும் கையுறைகள் மீதும் முகக்கவசத்தின் முன்பக்கத்திலும் தாராளமாகப் பூசினாள். “இதான் நோயாளி இருமுனது. இப்பக் கழட்டுங்க” என்றாள். கழற்றினோம். ஆளுக்கொரு இடத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. எனக்குக் கழுத்தில். டாக்டருக்குக் காது மடலில். அவர் நல்ல மனிதர், தானும் சேர்ந்து சிரித்தார். வார்டைப் பெருக்கித் துடைக்கும் ஏழுமலைக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள். வியர்வையைத் துடைத்திருக்கிறான்.

“ஏழுமல, கண்ணு கிட்ட கை போவக்கூடாது” என்றாள் அரசி.

“வேர்வ கண்ணுல எறங்கி எரியுது சிஸ்டர். இன்னா பண்ணட்டும்?”

“எரியட்டும். வெளிய வந்து கழட்டிட்டுத் தொட.”

“ஒங்களுக்கு மட்டும் வேர்க்காதா சிஸ்டர்? ஒங்கள இன்னா மழையிலயா செஞ்சாங்க?” என்று அவன் கேட்க, அரசிகூடச் சிரித்துவிட்டாள். ஏழுமலை இருக்கும் இடத்தில் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க முடியாது. பிணத்தைத் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட அதனிடம் வழி சொல்லிக்கொண்டே போவான்.

ஆவணிப் புழுக்கத்தில் அந்த பிளாஸ்டிக் கவுனுக்குள் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உள்பாவாடை பிழிந்தால் தண்ணீர் வரும். ஒருநாள் வார்டுக்குள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஏழுமலை நிமிர்ந்து, கண்கவசத்தைக் கட்டைவிரலால் நெற்றிக்குத் தூக்கி, அதே கையுறையோடு கண்ணை அழுத்தித் துடைத்தான். அரசி கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துவிட்டாள். கத்தினாள். அவன் சட்டென்று கண்கவசத்தை இறக்கிவிட்டு, “ஒண்ணும் ஆவாது சிஸ்டர்” என்றான். அதற்குப் பிறகு சில நாளில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வார்டிலேயே படுத்தான். அவன் துடைத்த தரையை வேறொருவர் துடைத்தார். வாரம் திரும்புவதற்குள் போய்விட்டான். அந்தத் துடைப்பில்தான் பிடித்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. டீக்கடையிலும் வந்திருக்கலாம், பஸ்ஸிலும் வந்திருக்கலாம். டாக்டர் அதை அரசிக்கு எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள், ஒப்புக்கொள்ளவில்லை.

ஏழுமலையின் காரியம் முடிந்த பிறகு அரசி பழைய துண்டுகளை நீளநீளமாகக் கிழித்து, மடித்துத் தைத்துக் கொண்டுவந்தாள். தொப்பிக்குள் நெற்றியில் கட்டிக்கொள்ள, வியர்வை கண்ணுக்கு இறங்காமல் இருக்க. ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். என் கையில் கொடுக்கும்போது, “இது எனக்கு முன்னாடியே தோணியிருக்கக் கூடாதா விஜி?” என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதன்பிறகு பார்த்ததில்லை.

அன்றிலிருந்து கழற்றும் அறை அவள் இடமாகிவிட்டது. யார் வார்டை விட்டு வெளியே வந்தாலும் தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பாள். “மொதல்ல கிளவுஸு. வெளிப்பக்கம் வெளிப்பக்கத்தத்தான் தொடணும். தோலு படக்கூடாது. கையத் தேச்சுக்க. இப்பக் கண்ணாடி, பின்னாடி பட்டிய புடி. கவுன உள்பக்கம் வெளிய வராப்புல சுருட்டு. மறுபடியும் கையத் தேச்சுக்க. வெளிய வா. இப்ப மாஸ்க்கு. முன்பக்கம் தொடாத, கயித்தப் புடிச்சு எடு. போய் சோப்புப் போடு.” முழங்கை வரைக்கும் கழுவிவிட்டுக் கையை நீட்டவேண்டும். திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு, “இப்ப போ” என்பாள். அந்த இரண்டு வார்த்தை வரும்வரை யாரும் நகர முடியாது. மூத்திரம் முட்டிக்கொண்டு நின்றவர்களையும் நிறுத்தி வைத்தாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு நாங்கள் வைத்த பேர்கள் இங்கே எழுதத் தகாதவை.

எங்களில் ஒருத்தி சிக்கனக்காரி. பயன்படுத்திய முகக்கவசத்தைச் சோப்புப் போட்டு அலசி, ஆஸ்பத்திரி மாடிக் கொடியில் ரவிக்கைகளோடு சேர்த்துக் காயப் போட்டிருந்தாள். நல்ல சாமானை ஒருநாளில் தூக்கி எறிய அவளுக்கு மனசு வரவில்லை. அரசி மாடி ஏறிப் போய் அதை எடுத்து வந்து எல்லார் முன்பும் தொட்டியில் போட்டாள். “துவச்சா பாவாட சுத்தமாவும். இதத் துவச்சா சல்லடதான் ஆவும்” என்றாள். சிக்கனக்காரி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

பொன்னி வந்தது அந்த வருஷ மழைக்காலத்தில். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் இருந்த ஓர் ஊர். கைக்குழந்தைக்காரி. புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். முதலில் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். மூச்சு வாங்கத் தொடங்கியபிறகு மரவள்ளி ஏற்ற வந்த வண்டியில் கீழே இறக்கிக்கொண்டு வந்தார்கள். கூட வந்தவள் அவள் தாய் ராமாயி. இடுப்பில் பேரக்குழந்தை.

பொன்னி எங்களைப் பார்த்துப் பயந்து, ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டாள். தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு, கண் இருக்கும் இடத்தில் பளபளப்பு மட்டும் தெரிகிறவர்கள் சுற்றி நின்றால் யாருக்குத்தான் பயம் வராது? அரசி வெளியே போனாள். எல்லாம் கழற்றி, கை கழுவி, பொன்னியின் கட்டிலை ஒட்டிய மூடிய ஜன்னலுக்கு வெளியே மழையில் போய் நின்றாள். கண்ணாடியைத் தட்டினாள். “இந்தா புள்ள, இங்க பாரு. இதான் என் மூஞ்சி. என் பேரு அரசி. உள்ள வரப்ப மூஞ்சி தெரியாது, கொரலு இதான் இருக்கும்” என்று உரக்கச் சொன்னாள். பொன்னி பார்த்துக்கொண்டே கிடந்தாள். அரசி மறுபடியும் எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது மாஸ்க்கைப் போட விட்டாள்.

ராமாயி வராந்தாவை விட்டு அசையவில்லை. மகளைப் பார்க்கவேண்டும் என்று ஒரே பிடி. உறவினர்களை விடக்கூடாது என்பதுதான் வார்டு விதி. அரசி டாக்டரிடம் போனாள். “தாயி வெளிய நிக்கறா, மவ உள்ள போய்க்கினு இருக்கறா. எனக்கு மனசு ஒப்பலைங்க டாக்டர். நானே போட்டு வுடறேன், நானே கழட்டி வுடறேன்” என்றாள். அவர் யோசித்தார், ஒப்புக்கொண்டார். குழந்தையை மலையிலிருந்து வந்த ஓர் உறவுக்காரி வாங்கிக்கொண்டாள். அரசி ராமாயிக்கும் மஞ்சள் பூசிக் காட்டினாள். ராமாயி அதை எங்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள் என்று சொன்னால் மிகையாகும்; தடுமாறித்தான் கற்றுக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு முறையும் கழுவி முடித்துக் கையை நீட்டுவாள். அரசி பார்த்து, “இப்ப போ” என்றதும் ஓடிப் போய்க் குழந்தையை எடுப்பாள். அப்பன் கேரளாவில் இருக்க, அந்தக் குழந்தைக்கு ராமாயியை விட்டால் ஆள் இல்லை. அரசியின் கண் முழுக்க அதன்மேல்தான் இருந்தது.

பொன்னி ஒரு முற்பகலில் இறந்தாள். ராமாயி பக்கத்தில் இருந்தாள், கையைப் பிடித்திருந்தாள். அதுவரை சரி. செய்தி எப்படியோ வராந்தாவுக்குப் போய்விட்டது. மலையிலிருந்து டெம்போவில் வந்து காத்திருந்த பெண்கள் ஓலமிட்டபடி கதவை நோக்கி வந்தார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் ராமாயி கவுனோடும் கையுறையோடும் கழற்றும் அறைக்குள் பாய்ந்தாள். நம் ஊரில் சாவு விழுந்தால் பெண்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டி அழுவார்கள். அப்படி அழுதால்தான் அழுகை. முன்னால் வந்தவளின் இடுப்பில் குழந்தை இருந்தது.

அரசி கழற்றும் அறையின் வெளிவாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ராமாயி.

“ராமாயி, நில்லு. மொதல்ல கிளவுஸு.”

“தள்ளும்மா. எங்க சனங்களாண்ட போவணும்.”

“போவலாம். கழட்டிட்டுப் போ.”

வெளியே இருந்து ஒருத்தி, “கட்டிக்கினு அழக்கூட வுடமாட்டியா? நீ பெத்தவதானா?” என்று கத்தினாள்.

“அழுங்க. கட்டிக்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரம்” என்றாள் அரசி. அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நான் பின்னால் தொட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். எனக்கே அவளைப் பிடித்துத் தள்ளவேண்டும்போல இருந்தது. ராமாயிக்குக் கையுறை பாதியில் சிக்கிக்கொண்டது. அரசி விரித்த கையை மடக்காமல் தலையை மட்டும் திருப்பி, “அவசரம் இல்ல. மணிக்கட்டு கிட்ட கிள்ளி இழு” என்றாள். அப்போதுதான் வெளியே கத்திய அந்தப் பெண் வாசல் ஓரத்து மண்ணை இரண்டு கையாலும் வாரி அரசியின் மேல் வீசினாள். “நீ நல்லாயிருப்பியா? ஒனக்கும் இப்பிடி ஒரு நாளு வரும்!” என்று சாபமிட்டாள். மண் அரசியின் கண்கவசத்தில் பட்டுச் சரிந்தது. அவள் துடைக்கவில்லை.

கையுறை, கண்கவசம், கவுன், முகக்கவசம். பிறகு சோப்பு. ராமாயி கையை நீட்டினாள். அரசி பார்த்தாள். “இப்ப போ” என்று வழிவிட்டாள். பெண்கள் ராமாயியைக் கட்டிக்கொண்டு கதறினார்கள். ராமாயி கதறவில்லை. குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். சுற்றி ஒப்பாரி ஓடிக்கொண்டிருக்க, அவள் குழந்தையின் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே அரசி தன் கவுனை, அதில் விழுந்த மண்ணோடு சேர்த்துச் சுருட்டித் தொட்டியில் போட்டாள். கையைக் கழுவிவிட்டு என் முன் நீட்டினாள். சொல்லவேண்டியது என் முறை. தலையை மட்டும் ஆட்டினேன், போனாள்.

சில வருஷங்கள் கழித்து ஒரு மருத்துவ முகாமுக்காக நான் மலைக்குப் போனேன். வரிசையில் ராமாயி நின்றிருந்தாள். பக்கத்தில் பாவாடை சட்டையில் ஒரு பெண்குழந்தை, வாய் நிறைய நாவல்பழக் கறை. ராமாயி என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

“அந்தம்மா இருக்குதா?”

“இருக்கா.”

“அன்னிக்கு நின்ன அழுவ இன்னும் வர்லம்மா. மூணாம் நாளும் வர்ல, கருமாதிக்கும் வர்ல. நெஞ்சுலயே கெடக்குது.” குழந்தையின் தலையைத் தடவினாள். “அது செஞ்சது நெசந்தான். இது இருக்குது. ஆனா என்னய மன்னிக்கச் சொல்லிடாதீங்க.”

இதை அரசியிடம் சொல்லவேண்டாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். என் வாய் எப்போது சொன்னதைக் கேட்டது? மறுநாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அரசி சோற்றில் கை வைத்தபடி கேட்டாள். “கொழந்த நல்லா இருக்குதா?” என்றாள். இருக்கிறது என்றேன். “மன்னிக்க வேணாம். அவளுக்குப் பொண்ணு செத்த எழவு. அதுல போயி நான் மன்னிப்பு வேற கேக்கணுமா?” என்றாள். அன்று குழம்பு முழுவதையும் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

பிறகு கொரோனா வந்தது. நாடே முகக்கவசம் போடக் கற்றுக்கொண்டு, கழற்றக் கற்றுக்கொள்ளாமல் தாடையில் தொங்கவிட்டது. அதையெல்லாம் பார்த்து அரசிக்கு ரத்தம் கொதித்தது. அந்த வருஷங்களையும் எங்களோடு கடந்துவிட்டு, என்னைவிட மூத்தவள் என்பதால் எனக்கு முன்பே ஓய்வு பெற்றாள். ஊரில் விறகடுப்புப் புகையிலேயே வளர்ந்தவள். இழுப்பு நோய் அவளுக்கும் உண்டு, அவள் அக்கா பாக்கியத்துக்கும் உண்டு. ஓய்வுக்குப் பிறகு அது முற்றியது. இந்த மார்கழிப் பனியில் காய்ச்சல் வந்து, பரிசோதனையில் அதே பன்றிக் காய்ச்சல் என்று தெரிந்தபோது, நைனார்பாளையத்திலிருந்து அவளை எங்கள் வார்டுக்கே கொண்டுவந்தார்கள்.

ஒவ்வொரு நாளும் டியூட்டிக்கு முன்னால் நான் அந்த ஜன்னலுக்கு வெளியே போய் நின்று முகத்தைக் காட்டினேன். “இதான் என் மூஞ்சி. என் பேரு விஜயா” என்றேன். முதல் நாள் சிரித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே, “இந்த மூஞ்சிக்கு மூடியே வெச்சிருக்கலாம்” என்றாள். பிறகு வந்த நாட்களில் கையை மட்டும் தூக்கினாள். அப்புறம் விரலை. அவள் மகள் செண்பகம் முறைப்படி எல்லாம் அணிந்துகொண்டு உடன் இருந்தாள். அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் பருப்பு ரசத்துக்கு முன்னால் அதைத்தான் கற்றிருப்பாள்.

அவள் போன அன்று, நான் புதுக் கவுன் கட்டிக்கொண்டு உள்ளே போனபோது செண்பகம் தாயின் நெற்றியில் கையுறைக் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் அரசியின் கண்ணை மூடினேன், ஆக்சிஜன் குழாயை எடுத்தேன், தாடையைக் கட்டினேன். அத்தனையும் உறைக்குள்ளிருந்து. இத்தனை வருஷம் பழகியவளின் முகம் எப்படிச் சில்லிட்டிருந்தது என்றுகூட என் விரலுக்குத் தெரியவில்லை. அதற்குள் வராந்தாவில் அழுகை கேட்டது. நைனார்பாளையத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள்.

செண்பகம் ஒரு நொடி அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு நடந்தாள், பிறகு வேகமாக நடந்தாள். நான் கழற்றும் அறைக்குள் அவளை முந்திக்கொண்டு போய் வெளிவாசலில் கையை விரித்தேன். எதிரே முதலில் நின்றது அரசியின் அக்கா பாக்கியம். அரசியின் மூக்கு, அரசியின் தாடை. நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது. செண்பகத்தை முதலில் கட்டிக்கொள்ளும் உரிமை பெரியம்மாவுடையது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தவர் என் கைக்கு முன்னால் நின்றார்.

“ஏம்மா, நீ எந்தங்கச்சி கூட வேல செஞ்சவதான? அவ சோத்தத் தின்னவதான? அவ பொண்ணக் கட்டிக்கினு நான் அழக்கூடாதா?”

ஆமாம், அவள் சோற்றைத் தின்றவள்தான். என் கையை இறக்கிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அரசி அன்று இதே இடத்தில் மண்ணை வாங்கிக்கொண்டு நின்றபோது அவள் கையும் இப்படித்தான் கனத்திருக்கும். அன்றைக்கு அவளுக்கு மனசே இல்லையோ என்று நினைத்தேன். மனசு இருந்ததால் கை கனத்திருக்கிறது.

பின்னாலிருந்து செண்பகம் பேசினாள். “பெரியம்மா, அங்கயே நில்லு. அம்மா பாத்தா திட்டும்.”

அவள் விரல்கள் மணிக்கட்டில் தடுமாறின. “அவசரம் இல்ல. கிள்ளி இழு” என்றேன். என் வாயிலிருந்து வந்தது அரசியின் குரல். கையத் தேச்சுக்க. பட்டிய புடி. உள்பக்கம் வெளிய வராப்புல சுருட்டு. ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாக்கியம் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றார். செண்பகம் முழங்கை வரை கழுவி, ஈரக் கையை என் முன் நீட்டினாள். திருப்பிப் பார்த்தேன்.

“இப்ப போ” என்றேன்.

போனாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். செண்பகத்துக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் கேட்டது அந்த அழுகை. கடவுளே, இவளுக்காவது வந்ததே என்று நினைத்தேன். ராமாயியை நினைத்தேன். பிறகு என்னுடையவற்றைக் கழற்றினேன். முகக்கவசத்தின் கயிற்றைப் பிடித்து எடுத்துத் தொட்டியில் போட்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. சோப்பு நுரையோடு குழாயடியில் நின்று அழுதேன்.

அரசியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது நெற்றியில் கட்டிக்கொள்ள அவள் தைத்துக் கொடுத்த துண்டும், அந்த வாசலில் நிற்கும் வேலையும். துண்டு நைந்துவிட்டது. வேலை இருக்கிறது, அடுத்த காய்ச்சலுக்கு யாராவது ஒருவர் அங்கே கையை விரித்துக்கொண்டு நின்று திட்டு வாங்கத்தான் வேண்டும். என் கால்கள் தாங்கும்வரை நான் நிற்பேன்.

அவளை மூடிக் கட்டி வண்டியில் ஏற்றியபோது சாயங்கால வெயில். நான் வெறுங்கையோடு, கழுவிய கையோடு வாசலில் நின்றேன். நாள் முழுக்க அவளைத் தொட முடியாத கை. அதை அவளுக்கு எதிரே நீட்டிக் காட்டினேன், வழக்கம்போல் திருப்பித் திருப்பி. டிரைவர் என்னையே பார்த்தார். அரசி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நானே சொன்னேன்.

“இப்ப போ, அரசி.”